குஞ்சு செட்டுப் பொகக்குழாய்

எங்க குஞ்சு செட்டு அடுப்புக்கு ஒரு பொகக்குழாய் இருக்குது. அத மாத்துங்க மாத்துங்கன்னு நான் கத்துன கத்துக்கு வேற எவளா இருந்தாலும் தொண்டை கிழிஞ்சு போயிருக்கும். எங்க ஊட்டுக்காரர் காதுல மட்டும் ஏறல. கடைசியில அந்தக் குழாய் அவரு உசுரையே கேட்டப்பறந்தான் அது மாறுச்சு. அதத்தான் இப்ப எழுத உக்காந்திருக்கேன். கோவமாத்தான் சொல்லுவேன், எனக்கு வேற மாதிரி சொல்லத் தெரியாது.

மோகனூருக்கும் நாமக்கல்லுக்கும் நடுவுல, ரோட்ட உட்டு உள்ள தள்ளி எங்க காடு. ஒரு பக்கம் கரும்பு, ஒரு பக்கம் கறிக்கோழி வளத்தற கொட்டகை, செட்டுன்னு சொல்லுவோம். கோழி எங்களுது இல்ல. கம்பெனிக்காரங்க குஞ்சக் கொண்டாந்து எறக்குவாங்க, தீவனமும் மருந்தும் அவங்களே குடுப்பாங்க, நாங்க வளத்திக் குடுக்கோணும். குஞ்சா எறங்குனது கோழியா லாரி ஏறிப் போற வரைக்கும் ஒரு பேட்ச். அது போனா, செட்டக் கூட்டிச் சுண்ணாம்படிச்சு தேங்கா நார்த்தூள் பரப்பறதுக்குள்ள அடுத்த பேட்சுக்குத் தேதி வந்துரும். கண்ணாலம், நோம்பி, எழவு எதுக்குமே நாங்க ரெண்டு பேரும் ஒட்டுக்காப் போனதில்ல. ஒருத்தர் போனா ஒருத்தர் செட்டுல இருக்கோணும்.

வர்ற குஞ்சு முட்டைய உட்டு வந்து ஒரு நாளுதான் ஆகியிருக்கும். தாய்க்கோழி கெடையாது, அடை காக்க நாமதான். அதனால செட்டுல ஒரு மூலையத் தடுத்து நாலு பக்கமும் படுதா கட்டி, தலைக்கு மேலயும் ஒரு படுதாவ இழுத்துக் கட்டிருவோம். செட்டுக்குள்ளயே ஒரு கூடாரம்னு வெச்சுக்கங்க. அதுக்கு நடுவுல தார் பீப்பாய வெட்டிச் செஞ்ச அடுப்பு, அதச் சுத்தித் தகரத் தடுப்பு, தடுப்புக்குள்ள குஞ்சுக. மொத வாரம் பூரா அடுப்பு அணையக் கூடாது. ஒரு ஆளு உள்ளயே இருந்து அடுப்பையும் குஞ்சையும் பாத்துக்கோணும். அந்த ஆளு நான். பொம்பளைக்குத்தான் பொறுமை எச்சுன்னு சொல்லி என்னைய உள்ள அனுப்பிட்டாங்க. எனக்குப் பொறுமை எந்தக் காலத்துலயும் இருந்ததில்ல, அது எங்க ஊட்டுக்காரருக்கும் நல்லாத் தெரியும்.

சூடு பாக்கறதுக்குத் தெர்மாமீட்டர் ஒண்ணு தொங்கும். ஆனா எங்க பக்கத்துல அத எவனும் பெருசா நம்பறதில்ல. குஞ்சு எங்க நிக்குதுன்னு பாப்போம். அடுப்போரமா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டுக் கத்துனா குளுருதுன்னு அர்த்தம். அடுப்ப உட்டு ஓடித் தகரத்தோட ஒட்டிக்கிட்டு வாயப் பொளந்தா சூடு மிஞ்சிப் போச்சு. தடுப்புக்குள்ள பரவலாப் படுத்துச் சத்தம் போடாமத் தூங்குனா எல்லாம் சரியா இருக்குது. கத்துனா ஆளு ஓடோணும், கத்தாம இருந்தா ஆளு ஒரு டம்ளர் டீ குடிக்கலாம். பண்ணைக்காரங்க ரெண்டு பேரு சந்தையில பாத்துக்கிட்டாக் கூட, குஞ்சு எறங்கியிருக்குதா, சத்தமில்லாம இருக்குதான்னுதான் கேப்பாங்க.

அந்தக் கூடாரத்துக்குள்ள செத்த நேரம் உக்காந்து பாத்தாத்தான் தெரியும் என் பாடு. நிமுந்து நின்னா மேல்படுதா தலையில தட்டும். வெளிய பகலா இருந்தாலும் உள்ள மஞ்ச பல்பு வெளிச்சந்தான். நார்த்தூள் வாசமும் எச்ச வாசமும் கரி வாசமும் சேந்து மூக்குக்குள்ளயே குடியிருக்கும். வேர்வையில பாவாடை ஒட்டிக்கும். சும்மா எந்திரிச்சு வெளிய போகவும் முடியாது. போயிட்டு வந்தா மருந்துத் தண்ணியில கால நனச்சு, வேற செருப்பு மாத்தி, படுதாவத் தூக்கிக்கிட்டு உள்ள வரோணும். அந்தச் செத்த நேரத்துல குளுரு காத்து உள்ள பூந்துரும்னு எங்க ஊட்டுக்காரர் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு. அதனால நான் வெளிய போகாமயே இருந்து பழகிக்கிட்டேன்.

இப்ப அந்தக் குழாய்க்கு வாரேன். பீப்பாய் அடுப்புல இருந்து ஒரு தகரக் குழாய் மேல போகும். கூடாரத்துக்குள்ளயே ஒரு எடத்துல முட்டி மாதிரி மடங்கி, பக்கவாட்டுல போயி, கூரை அட்டையத் தொளச்சுக்கிட்டு வெளிய எட்டிப் பாக்கும். பொக அது வழியா வெளிய போயிரோணும், சூடு மட்டும் உள்ள நிக்கோணும். மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு. அப்பறம் அந்த முட்டி துருப்புடிச்சு ஓட்டையாயிருச்சு. வெளிய குழாய் உச்சியில இருந்த மூடியும் ஒரு சூறக்காத்துல எங்கியோ பறந்து போச்சு.

வேற எவனா இருந்தாலும் என்ன பண்ணுவான், புதுக் குழாய் வாங்கி மாட்டுவான். எங்க ஊட்டுக்காரர் ஒரு சாக்கக் கிழிச்சு, செம்மண்ணுல முக்கி எடுத்து, அந்த முட்டியில சுத்திக் கம்பி போட்டுக் கட்டுனாரு. அது காஞ்சு வெடிச்சா அது மேலயே இன்னொரு சாக்கு. முட்டி நாளுக்கு நாளு பெருத்துக்கிட்டே போச்சு. குழாய்க்குள்ள கரி அடைஞ்சிருக்கும், ஒரு தடவ கழட்டிக் குத்தி உடுங்கன்னா, இந்த பேட்ச் போகட்டும் புள்ளன்னு சொல்லுவாரு.

அதுல ஒரு சூட்சுமம் இருக்குது, கேளுங்க. குஞ்சு இருக்கறப்ப அடுப்ப அணைக்க முடியாது, அடுப்பு அணையாமக் குழாயக் கழட்ட முடியாது. குஞ்சு பெருசாகி அடுப்ப வெளிய தூக்கிப் போட்டதுக்கப்பறம், அந்தக் குழாய்னு ஒண்ணு இருக்கறதே எவனுக்கும் ஞாபகம் வராது. பேட்ச் போனதும் செட்டுக் கழுவற அவசரம். அடுத்த குஞ்சு எறங்கி அடுப்பப் பத்த வெச்சாத்தான், அட, இந்தக் குழாய மாத்தலையேன்னு தோணும். அப்ப மாத்த முடியாது. இப்பிடியே எத்தன பேட்ச் போயிருக்கும்னு நான் எண்ணல, எண்ணுனா எனக்குத்தான் கோவம் எச்சாகும்.

விறகு போட்டப்ப அந்த முட்டியில பொக கசிஞ்சு கண்ணெல்லாம் எரிஞ்சுது. அதுக்கு எங்க ஊட்டுக்காரர் கண்டுபுடிச்ச வைத்தியம், விறகுக்குப் பதிலாக் கரி. வெளியவே கரியப் பத்த வெச்சு, நல்லா கனிஞ்சதும் அள்ளிக் கொண்டாந்து பீப்பாயில கொட்டறது. பொகையே வராது. பாத்தியா, இதுக்குப் போயிக் கத்திக்கிட்டிருந்தயேன்னு சிரிச்சாரு. பொக கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் ஆபத்து, தெரியலைன்னா ஒண்ணுமில்லைன்னுதான் எங்க சனம் பூராவும் நெனச்சுக்கிட்டு இருக்குது. கரி போட்டதுக்கு அப்பறந்தான் எனக்கு மண்டையிடி ஆரம்பிச்சுது.

மண்டையிடின்னா லேசுப்பட்டது இல்ல. நெத்திப் பொட்டுல உரலக் கட்டித் தொங்க உட்ட மாதிரி இருக்கும். வாய்க்கொமட்டல் வரும். எந்திரிச்சா காலு எனக்குச் சொந்தமில்லாத மாதிரி தடுமாறும். சோத்தப் பாத்தாலே எரிச்சலா இருக்கும். ஊட்டுக்கு வந்து செத்த படுத்தா போயிரும், திரும்ப உள்ள போனா வந்துரும். இதக்கூடப் புரிஞ்சுக்க ஒரு ஆளு இல்ல பாருங்க. பக்கத்துக் காட்டுல இருக்கற கொழுந்தனார் பொண்டாட்டி, கண்ணு போயிருச்சுங்கக்கா, கண்ணாடி போடுங்கன்னா. மருந்துக்கடையில பிரஷர் பாத்துட்டு ஒரு மாத்தரையக் குடுத்தாங்க. இந்த வயசுல பொம்பளைங்களுக்கு அப்பிடித்தான், எல்லாம் நிக்கற நேரம்னு சொந்தக்காரி ஒருத்தி சொன்னா. எங்க ஊட்டுக்காரர், உள்ள உக்கார உனக்கு ஒடம்பு வணங்கல, அதான் மண்டைய இடிக்குதுன்னாரு. உடம்பு நோகறவளுக்கே தன் மேல சந்தேகம் வந்துரும் இப்பிடி ஆளாளுக்குப் பேசுனா. ஒரு நேரம் எனக்கே வந்துச்சு.

முடியாதப்ப நான் படுதாவோட ஒரு மூலையத் தூக்கி, அதுக்கடியில மூக்க வெச்சுப் படுத்துக்குவேன். வெளிக்காத்து ரெண்டு மூச்சு இழுத்தாக் கொஞ்சம் தெளியும். அதக் கண்டுபுடிச்சாரு மனுசன். மறுநாளு அந்த மூலையில ஹாலோபிளாக் கல்லத் தூக்கி வெச்சிருந்தாரு. நான் வேற மூலைக்குப் போனேன். அங்கயும் கல்லு வந்துச்சு. கட்டுன பொண்டாட்டி மூச்சு உட்டா குஞ்சுக்குச் சளி புடிச்சுக்குமாமா. கம்பெனி சூப்பர்வைசர்ப் பையன் வந்தப்ப அவங்கிட்டயே கேட்டேன். அவனும் தெர்மாமீட்டரப் பாத்துட்டு, சூடு கரெக்டா இருக்குதுங்கக்கா, படுதாவ மட்டும் தூக்கிராதீங்கன்னு சொல்லிட்டு வண்டியேறிப் போயிட்டான். கூண்டுல இருக்கறது கோழியா நானான்னு எனக்குத் தெரியல.

அன்னைக்கு ஐப்பசி மழை. ரெண்டு நாளாப் புடிச்ச மழை உடவே இல்ல. மூடியில்லாத குழாய் வழியாத் தண்ணி எறங்கி அடுப்புக் கனல் மேல சொட்டிக்கிட்டே இருந்துச்சு. எங்க ஊட்டுக்காரர் ஏணி போட்டுக் கூரையில ஏறி, குழாய் வாயில ஒரு உரச்சாக்க மடிச்சுப் போத்திக் கயிறு போட்டுக் கட்டிட்டு எறங்குனாரு. ஏனுங்க, இப்ப அது எப்பிடிங்க வெளிய போகும்னு கேட்டேன். எது வெளிய போகும், பொகையே இல்லியேன்னாரு. கண்ணால பாக்க முடியாத ஒண்ண எப்பிடிக் காட்டறது.

மத்தியானத்துக்குள்ள எனக்கு மண்டை ரெண்டாப் பொளக்கற மாதிரி ஆயிருச்சு. வாந்தி எடுத்தேன். தவழ்ந்துக்கிட்டுத்தான் வெளிய வந்தேன், மழையில நனஞ்சுக்கிட்டே நின்னேன். அவரு ஓடியாந்து, படுதாவ மூடாம வந்திருக்கற, குஞ்சு என்னாகறதுன்னாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நான் மனுசியாத் தெரியலீங்களா, நீங்க போயி உள்ள உக்காந்து பாருங்க, பொழுது சாயற வரைக்கும் உக்காந்துட்டு வந்து எனக்கு மண்டையிடி பொய்யின்னு சொல்லுங்க, நான் சாகற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்னு சொன்னேன். ஆமா, நாந்தான் போகச் சொன்னேன். அன்னைக்கு எனக்கு இருந்த நோவுக்கு இன்னைக்கும் அதத்தான் சொல்லியிருப்பேன்.

அவருக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. உக்காந்து காட்டறேன் பாருன்னு சொல்லிக் கரிச்சட்டிய நெறைய எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டாரு. உள்ள இருந்து படுதாவ இழுத்துக் கட்டற சத்தம் கேட்டுச்சு. எங்க கண்ணாலத்துக்கு முன்னாடி அவரு லாரியில போனவரு. காத்து எவ்வளவு அடிச்சாலும் லோடு மேல கட்டுன படுதா அவுறாத மாதிரி முடிச்சுப் போடறதுல அவர மிஞ்ச ஆளில்ல. அந்த முடிச்சத்தான் அன்னைக்குப் போட்டாரு, நான் திரும்ப உள்ள வந்து பாவம்னு கூப்புட்டுறக் கூடாதுன்னு.

நான் ஊட்டுக்கு வந்து துணி மாத்துனேன். செத்த நேரம் படுத்தேன், தலை தெளிஞ்சுது. பச்சப்பயிறு வேக வெச்சுக் கடைஞ்சேன். கோவமா இருந்தாலும் வயிறுன்னு ஒண்ணு இருக்குதுல்ல, போசியில சோறும் பயிறும் போட்டு எடுத்துக்கிட்டுச் செட்டுக்குப் போனேன். மழை உட்டிருந்துச்சு, வானம் மட்டும் இருட்டிக் கெடந்துச்சு. செட்டு வாசல்ல நின்னு காதக் குடுத்துக் கேட்டேன். உள்ள ஒரு சத்தமும் இல்ல. ஒரு குஞ்சு கூடக் கத்தல.

எனக்கு என்ன தோணுச்சுன்னு நெனைக்கறீங்க. பொறாமை. நான் உள்ள இருந்தப்ப காலையில இருந்து கத்திக்கிட்டே இருந்துதுக. இவரு போயிச் செத்த நேரத்துல எல்லாத்தையும் தூங்க வெச்சுட்டாரே, இனி இத வெச்சே என்னைய ஒரு வருசத்துக்குக் குத்திக் காட்டுவாரேன்னு நெனச்சேன். ஏனுங்க, சோறு கொண்டாந்திருக்கேன், வந்து தின்னுட்டுப் போங்கன்னு கூப்புட்டேன். பதில் இல்ல. அதுவும் எனக்குப் புதுசில்ல. கோவம் வந்தா அவரு பேச மாட்டாரு, ஒரு வாரம் கூடப் பேசாம இருந்திருக்காரு. போனாப் போவுதுன்னு போசியப் படியில வெச்சுட்டுத் திரும்பி நடந்தேன். கரும்புக் காடு வரைக்கும் வந்துட்டேன்.

அப்ப ஒரு இடி விழுந்துச்சு. பக்கத்துல எங்கியோ பனை மேல விழுந்த மாதிரி, காலுக்கடியில மண்ணு அதிர்ந்துச்சு. இடி விழுந்தா குஞ்சுக பயந்துக்கிட்டு ஒட்டுக்காக் கத்தும், கத்திக்கிட்டே ஒரு மூலையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறி அமுங்கும். உடனே ஓடிப் போயிக் கலைச்சு உடலைன்னா அடியில இருக்கறது நசுங்கிச் செத்துரும். எத்தன வருசப் பழக்கம், எம்பட காலு தானாச் செட்டுப் பக்கம் திரும்பிருச்சு. திரும்புனதுக்கப்பறந்தான் உறைச்சுது. செட்டுக்குள்ள இருந்து ஒரு சத்தமும் வரல. அத்தன குஞ்சுல ஒண்ணு கூட அந்த இடிக்குக் கத்தல.

அங்க இருந்து எப்பிடி ஓடுனேன்னு தெரியல. செட்டுக்குள்ள போயிக் கூடாரத்துப் படுதாவப் புடிச்சு இழுத்தேன். அசையல. சந்துல கைய உட்டு முடிச்ச அவுக்கப் பாத்தேன், நகம் பிஞ்சுதே ஒழிய முடிச்சு இளகல. கீழ் மூலையில எல்லாம் கல்லு. ஏனுங்க, ஏனுங்கன்னு கத்திக்கிட்டே மோட்டார் ரூம்புக்கு ஓடிக் கரும்பு வெட்டற கத்திய எடுத்துக்கிட்டு வந்து, படுதாவ மேல இருந்து கீழ வரைக்கும் கிழிச்சேன். உள்ள பல்பு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அடுப்புக் கனல் சும்மாச் செவசெவன்னு இருந்துச்சு. ஒரு இழை பொக இல்ல. அவரு கவுந்து கெடந்தாரு, கையில கரி அள்ளற சட்டுவம் இருந்துச்சு. மூலைக் கல்லு ஒண்ணு மட்டும் நகந்திருந்துச்சு. அவரே வெச்ச கல்ல அவரே தள்ளப் பாத்திருக்காரு, அதுக்குள்ள தெம்பு போயிருச்சு.

அந்த ஒடம்ப நான் ஒருத்தி இழுக்க முடியுமான்னு யாரும் கேக்காதீங்க. ரெண்டு காலையும் புடிச்சு இழுத்தேன். எனக்கும் தலை சுத்துச்சு, ரெண்டு தடவ விழுந்தேன். வெளிய மண்ணுல போட்டு மூஞ்சியத் திருப்பிப் பாத்தா மூச்சு இருந்துச்சு, ஆனா இருக்குதா இல்லையாங்கற மாதிரி இருந்துச்சு. நான் போட்ட சத்தத்துல கொழுந்தனாரு ஓடியாந்தாரு. அவரு காருல போட்டுக்கிட்டுப் போனோம். போற வழி பூராவும் எம்மடியில இருந்த தலையப் பாத்துத் திட்டிக்கிட்டே போனேன். திட்டறத நிறுத்துனா செத்துருவாருன்னு எனக்கு ஒரு நெனப்பு.

ஆஸ்பத்திரியில மூஞ்சியில மாஸ்க்க மாட்டி ஆக்சிஜன் வெச்சாங்க. டாக்டரம்மா என்னையத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டுது. கரி எரியறப்ப ஒரு வாயு வருதாமா. அதுக்கு நெறமும் இல்ல வாசமும் இல்ல. வெளிய போக வழியில்லைன்னா மூச்சோட ரத்தத்துல ஏறி, ஆக்சிஜன் உக்காரோண்டிய எடத்துல அது உக்காந்துக்குமாமா. தூக்கம் வர்ற மாதிரி இருக்குமாம், அவ்வளவுதான், ஆளு போயிருவாங்களாம். உங்களுக்கும் தலைவலி வந்துச்சாம்மான்னு கேட்டுது. பல மாசமா வருதுங்கன்னேன். ஏம்மா யாருகிட்டயும் சொல்லலைன்னு அது கேட்டப்ப, எனக்குச் சிரிக்கறதா அழுவறதான்னு தெரியாம, அங்கயே தரையில உக்காந்துட்டேன்.

அவரு மறுநாளு கண்ணு முழிச்சாரு. அந்த நேரத்துல எனக்கு இருந்த சந்தோசத்த எழுதத் தெரியல, வேண்டாத சாமி இல்ல. பொறகு ஊட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்தோம். செத்துப் போன குஞ்சுகள அதுக்குள்ள கொழுந்தனாரு குழி வெட்டிப் பொதைச்சிருந்தாரு. தடுப்புக்குள்ள எல்லாம் பரவலா, நல்லாத் தூங்கற மாதிரியே கெடந்துதுன்னு சொன்னாரு. சூப்பர்வைசர்ப் பையன் வந்து எல்லாத்தையும் பாத்துட்டு, சூடு கரெக்டாத்தான் இருந்திருக்குதுங்கக்கான்னான். செட்டுக் கூட்டற சீமாத்த எடுக்கத்தான் போனேன், எங்க ஊட்டுக்காரர் மூஞ்சியப் பாத்துட்டு உட்டுட்டேன்.

ஊட்டுக்கு வந்த மனுசன் மொதல் வேலையா என்ன பண்ணுனாரு தெரியுமா. கிழிஞ்ச படுதாவத் தூக்கிப் பாத்துட்டு, புதுப் படுதா, முடிச்ச அவுக்கத் தெரியாமக் கத்தியப் போட்டு வெச்சிருக்கறயேன்னு என்னைய வஞ்சாரு. நான் ஊட்டுக்குப் பின்னால பொடக்காலிக்குப் போயி முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு அழுதேன். அவரு வாயில இருந்து வசவு வாங்கறதுக்கு நான் அவ்வளவு தவிச்சுப் போயிருக்கேன்னு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது.

அந்த வாரமே நாமக்கல்லுல இருந்து வெல்டிங் பட்டறைக்காரரக் கூட்டியாந்தேன். இந்த தடவ யாரையும் கேக்கல. பழைய குழாயக் கழட்டுனா, அந்த முட்டிக்குள்ள கை வெரலு நொழையற அளவுக்குத்தான் வழி இருந்துச்சு, மிச்சம் பூரா கரியும் மண்ணும். புதுக் குழாய் நல்ல தடிச்ச தகரம். முட்டியே இல்லாம நேரா மேல போயி, கூரை முகட்டையும் தாண்டி ஒசரமா நிக்குது. இணைப்புக்கு இணைப்பு வளையம் போட்டு முடுக்குனாரு. உச்சியில மழை எறங்காம பொக மட்டும் போற மாதிரி இடைவெளி உட்டு மூடி வெச்சாரு. பக்கப் படுதாவுக்கும் மேல்படுதாவுக்கும் நடுவுல ஒரு சாண் எடம் எப்பவும் தொறந்திருக்கற மாதிரி கட்டச் சொன்னேன். பொக வரட்டும்னு கரியோட ஈரத் தழையப் போட்டுக் கொளுத்தி, ஒவ்வொரு இணைப்பா நானே மூக்க வெச்சுப் பாத்தேன், எங்கயும் கசியல. இத்தன ஒசரம் எதுக்கு, காத்துல ஆடும்னு எங்க ஊட்டுக்காரர் கீழ நின்னு மொணகிக்கிட்டே இருந்தாரு. வேல மத்தியானச் சோத்துக்குள்ள முடிஞ்சு போச்சு. அத்தன பேட்சா முடியாதுன்னு சொன்ன வேல ஒரு காலையில முடிஞ்சுது.

அதோட முடிஞ்சிருந்தா நான் இத எழுதவே மாட்டேன். செத்த நாளு கழிச்சு அவரு சட்டை பொத்தானப் புடிச்சுக்கிட்டே ரொம்ப நேரம் நின்னாரு. என்னங்கன்னு கேட்டா, இது எப்பிடின்னு கேட்டாரு. வெளையாட்டுன்னு நெனச்சேன். அப்பறம் மோகனூர் போறேன்னு போனவரு பாதியில வண்டிய நிறுத்திட்டு வழி தெரியாம நின்னுக்கிட்டு இருந்தாருன்னு ஆளுக கூட்டியாந்து உட்டாங்க. எங்க மகள அயோத்தியாப்பட்டணத்துல கட்டிக் குடுத்திருக்குது. அவ வந்து ரெண்டு நாளு இருந்துட்டுக் கெளம்பறப்ப, அப்பா எங்கூட ஒரு தடவ கூடச் சண்டை போடலம்மான்னு சொன்னா. திரும்ப டாக்டரம்மாகிட்டக் கூட்டிக்கிட்டுப் போனோம். அந்த வாயு மூளையத் தொட்டுட்டுப் போனா, நல்லாயிட்டாங்கன்னு நெனைக்கறப்பக் கூடச் சில பேத்துக்கு இப்பிடி வருமாமா, தேறவும் தேறலாம், இப்பிடியே இருக்கவும் இருக்கலாம், பாக்கலாம்னு சொல்லுச்சு.

இப்ப அடுத்த பேட்ச் எறங்கியிருக்குது. எறக்க வேண்டாம்னா எங்களுக்கு வேற பொழப்பு ஏது. நான் உள்ள உக்காந்துக்கறேன், மண்டையிடி வர்றதில்ல. மணிக்கொருக்கா வெளிய வந்து காத்தாட நிக்கறேன், யாரும் கேக்கறதில்ல. படுதாவ வேணுங்கற அளவுக்குத் தூக்கிக்கறேன், யாரும் கல்லு வெக்கறதில்ல. எங்க ஊட்டுக்காரர் செட்டு வாசல்ல ஒரு பிளாஸ்டிக் சேருல உக்காந்திருக்காரு. சாப்பிடுங்கன்னாச் சாப்பிடறாரு, குளிங்கன்னாக் குளிக்கறாரு. எனக்குத்தான் பைத்தியம் புடிக்குது. ஒரு வார்த்தை எதுத்துப் பேச மாட்டாரான்னு வேணும்னே கொழம்புல உப்பப் போடாம வெச்சுப் பாத்தேன், தின்னுட்டுக் கை கழுவிட்டாரு.

நேத்து மத்தியானம் அவரு பக்கத்துல போயி உக்காந்தேன். மேல அந்தப் புதுக் குழாய் உச்சியில லேசா வெப்பம் அலையறது தெரிஞ்சுது. எனக்கு என்ன தோணுச்சோ, ஏனுங்க, இந்தக் குழாயக் கழட்டிப் போட்டறலாமுங்களா, எதுக்கு இதுன்னு கேட்டேன். ஒரு வசவு, ஒரு மொறைப்பு, எதாவது ஒண்ணு வந்துறாதான்னு அவரு மூஞ்சியவே பாத்துக்கிட்டிருந்தேன். செரின்னாரு. எந்திரிச்சு, ஸ்பேனர் எடுக்க மோட்டார் ரூம்பப் பாத்து நடந்தாரு. நான் ஓடிப் போயிக் கையப் புடிச்சு, வேண்டாமுங்க, இருக்கட்டும்னேன். அதுக்கும் செரின்னு சொல்லிட்டு வந்து சேருல உக்காந்துக்கிட்டாரு.